மைக்ரோவேவ் பக்கத்தில் ஒட்டிய சம்பளம்

"அமெரிக்காவில் ஆள் கிடைப்பதில்லை, அதனால்தான் எச்1பி வேலை விசாவில் நம்மைக் கூப்பிடுகிறார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். நான் போன இடத்தில் ஆள் இருந்தார். என் பக்கத்து சீட்டிலேயே.

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்ஃப்ரேம் (பெரிய கணினி) வேலை. அதை ரொம்ப வருடங்களாகக் கட்டிக் காத்த அமெரிக்கரிடம் கேடி எடுக்க, அதாவது அவர் வேலையைக் கற்றுக்கொள்ள, என்னை ஆன்சைட் அனுப்பியிருந்தார்கள். அவரை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்கள்; சொல்லிக்கொடுத்து முடித்தால்தான் செட்டில்மென்ட் பணம். மனிதர் எதையும் ஒளிக்கவில்லை. மாதக் கடைசி பேட்ச் (கணினி மொத்தமாக ஓட்டும் வேலைகள்) நடுராத்திரியில் அபெண்ட் ஆகி பாதியில் நின்றால் எந்த ஜாபை முதலில் ஹோல்டில் போடவேண்டும், எந்த ஸ்டெப்பில் ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரே க்ளெய்முக்கு இரண்டு செக் போய்விடும் என்று, எந்த டாக்குமென்ட்டிலும் இல்லாததையெல்லாம் சொன்னார்.

ஒருநாள் பேன்ட்ரியில் மைக்ரோவேவுக்கு மேலே ஒட்டியிருந்த எல்சிஏ (எச்1பி ஆளுக்காக கம்பெனி அரசாங்கத்திடம் கொடுக்கும் உறுதிமொழி) நோட்டீஸைக் காட்டினார். எச்1பி ஆள் வேலை செய்யும் இடத்தில் இரண்டு இடங்களில் பத்து நாள் அதை ஒட்டவேண்டும் என்பது சட்டம். பெயர் இருக்காது, பதவியும் சம்பளமும் இருக்கும்.

"இது உன்னுடையதா?"

"ஆமாம்."

"இவ்வளவுதான் தருகிறார்களா?" என்று கேட்டுவிட்டு, காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சம்பளத்தில் சட்டப்படி ஒரு குறையும் கிடையாது. எச்1பி ஆளுக்குக் குறைந்தது எவ்வளவு தரவேண்டும் என்று அரசாங்கம் நான்கு சம்பள லெவல் வைத்திருக்கிறது. முதல் இரண்டும் அந்த ஊரில் அந்த வேலைக்கான நடுச் சம்பளத்துக்குக் கீழே. எச்1பி ஆட்களை அதிகம் வைத்திருக்கும் கம்பெனி, உள்ளூர்க்காரரை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஆள் போடக்கூடாது என்று 1998 சட்டம் சொல்கிறது. ஆனால் வருடம் 60,000 டாலர் கொடுத்துவிட்டால் விலக்கு உண்டு! அந்த 60,000 அன்றைக்கு வைத்ததுதான், இன்றுவரை ஏறவில்லை.

நாம் ஏன் கூடக் கேட்பதில்லை? கம்பெனி மாறலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கிரீன் கார்டு வேலை பாதியில் இருக்கும்போது மாறினால் பெரும்பாலும் மனு வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் இந்தியர்களின் வரிசை எங்கேயோ நிற்கிறது. வேலை போனால் வேறு வேலை தேடவோ கிளம்பவோ 60 நாள் வரைதான் அவகாசம், அவ்வளவுதான். இந்த நிலைமையில் யார் மேனேஜரிடம் போய் சம்பளம் பேசுவார்கள்? என் பக்கத்து சீட்டுக்காரருக்கு வேலை போனதற்கு, என் திறமையைவிட இந்த வாய்பேசமுடியாத நிலைதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். விசாவை முதலாளியின் பிடியிலிருந்து அவிழ்த்துவிட்டு, சம்பள லெவலை உயர்த்தட்டும். அப்புறம் என்னை மலிவு என்று யார் கூப்பிடுவார்கள்?

அதை விட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவருக்கு மனு போட 1,00,000 டாலர் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார் டிரம்ப். சரி, ஆள் வருவது குறையலாம். ஆனால் நான் கற்றுக்கொண்ட அந்த பேட்ச் ஜாபை இப்போது சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் நைட் ஷிஃப்ட் பசங்கள்தான் பார்க்கிறார்கள். அவர்களில் யாருக்கும் விசா தேவைப்படவில்லை.