கூட்டம் குறைந்தால் மட்டும் வரும் 502

எங்கள் ஏபிஐயின் (பிற நிரல்கள் கோரிக்கை அனுப்பிப் பதில் வாங்கும் சேவை) அமைப்பு சிக்கலானதல்ல. முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் சர்வர், பின்னால் அவற்றுக்குப் பதில் தரும் சில நோட்.ஜேஎஸ் செயலிகள், நடுவே கீப்அலைவ் இணைப்புகள், அதாவது ஒரு பதிலோடு மூடாமல் அடுத்த கோரிக்கைக்கும் திறந்தே வைக்கப்படும் இணைப்புகள். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு கோரிக்கை மட்டும் 502 (பின்னாலிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) வாங்கிக்கொண்டு திரும்பும். அதே கோரிக்கையை மறுபடி அனுப்பினால் சரியாகப் போய்ச் சேரும். நோட் பக்கத்து லாகில் (பதிவேட்டில்) தேடினால் பிழையும் இல்லை, அப்படியொரு கோரிக்கை வந்த தடயமும் இல்லை.

லாகில் இல்லை என்றதும் பலர் லாகிங் கோளாறு என்று தள்ளிவிடுவார்கள். இல்லாததும் ஒரு தகவல்தான்: கோரிக்கை நம் நிரல் வரைக்கும் வந்து சேரவேயில்லை. ஆகவே நிரலைத் திறப்பதைத் தள்ளிவைத்துவிட்டு, என்ஜின்எக்ஸின் எரர் லாகை எடுத்தேன். அதில் இரண்டு விதமான வரிகள். எதிர்முனை இணைப்பை முன்கூட்டியே மூடிவிட்டது என்று ஒன்று. 104 என்ற எண்ணோடு 'கனெக்‌ஷன் ரீசெட் பை பியர்', அதாவது எதிர்முனை இணைப்பை முறித்துவிட்டது என்று இன்னொன்று. இரண்டுமே பதிலின் தொடக்கப் பகுதியான ஹெடருக்காகக் காத்திருந்த நேரத்தில் வந்தவை. செயலி மெதுவாக இருந்தால் 504 (நேரம் கடந்துவிட்டது என்ற பிழை) வந்திருக்கும். செயலி விழுந்திருந்தால் 111, அதாவது 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' (இணைப்பு மறுக்கப்பட்டது) வந்திருக்கும். இரண்டும் இல்லை. செயலி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இணைப்பை மூடுகிறது.

அடுத்து, விழுந்த கோரிக்கைகளை வகை பிரித்துப் பார்த்தேன். எல்லாமே தகவலைப் பதியச் சொல்லும் போஸ்ட், அங்கங்கே தகவலைத் திருத்தச் சொல்லும் ஒரு பேட்ச். தகவலைப் படிக்க மட்டும் கேட்கும் கெட் ஒன்றுகூட இல்லை. நேரத்தைப் பார்த்தால் இன்னும் விசித்திரம். உச்ச நேரத்தில் பிழையே வரவில்லை. கூட்டம் குறைந்த பிறகுதான் வருகிறது. சுமைதான் காரணம், செயலிகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம் என்று நடுவில் ஒரு யோசனை வந்து, அதையும் செய்தோம். பிழை கூடியது! எனக்கு அதைவிட நல்ல துப்பு கிடைத்திருக்காது. செயலிகள் கூடினால் ஒவ்வொன்றுக்கும் போகும் கோரிக்கை குறையும். இணைப்புகள் சும்மா கிடக்கும் நேரம் கூடும். சும்மா கிடக்கும் இணைப்புக்குத்தான் ஏதோ ஆகிறது.

கெட் ஏன் தப்பிக்கிறது? என்ஜின்எக்ஸின் ஆக்சஸ் லாகின் வடிவமைப்பில், ஒவ்வொரு முயற்சிக்கும் பின்பக்கம் கிடைத்த நிலையைக் காட்டும் அப்ஸ்ட்ரீம் ஸ்டேட்டஸ் மாறியைச் சேர்த்ததும் தெரிந்துவிட்டது. வெளியே 200 (வெற்றி) என்று போன சில கெட் கோரிக்கைகளில் உள்ளே '502, 200' என்று இருந்தது. முதல் முயற்சி விழுந்ததும் என்ஜின்எக்ஸ் சத்தமில்லாமல் இன்னொரு முறை அனுப்பியிருக்கிறது. 1.9.13 பதிப்பிலிருந்து போஸ்ட், பேட்ச் கோரிக்கைகளை ஒருமுறை அனுப்பிவிட்டால் அது தானாகத் திரும்ப அனுப்புவதில்லை. ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவாகிவிடக் கூடாதே! ஆக கெட்டுக்கும் அதே நோய்தான், வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் டிசிபிடம்ப், பிணையப் போக்குவரத்தைப் பதிவுசெய்யும் கருவி. ஒரு செயலியின் போர்ட்டை மட்டும் பிடித்து, கோப்புகள் சுழற்சியில் எழுதப்படும்படி ஓடவிட்டேன். இல்லாவிட்டால் டிஸ்க் நிரம்பிவிடும். 502 வந்த நொடியை வைத்து அந்த இணைப்பைத் தேடி எடுத்தால், கதை நான்கே வரிகளில் இருந்தது. முந்தைய கோரிக்கைக்கான பதில். 5 நொடி அமைதி. நோட் அனுப்பிய ஃபின், அதாவது இணைப்பை மூடுகிறேன் என்ற செய்தி. அதற்கு ஒரு மில்லிநொடிகூட ஆகாமல் என்ஜின்எக்ஸிடமிருந்து போஸ்ட், உடனே நோடிலிருந்து ரீசெட். ஃபின் போய்ச் சேருவதற்குள் என்ஜின்எக்ஸ் அதே இணைப்பில் கோரிக்கையை எழுதிவிட்டது.

அந்த 5 நொடி நோடின் இயல்புநிலை கீப்அலைவ் டைம்அவுட், அதாவது சும்மா கிடக்கும் இணைப்பை மூடுமுன் காத்திருக்கும் நேரம். என்ஜின்எக்ஸோ பின்பக்க இணைப்பை இயல்பாக 60 நொடி வைத்திருக்கும். இணைப்பை எடுத்துப் பயன்படுத்துகிறவன் நீண்ட நேரமும், கொடுக்கிறவன் குறைந்த நேரமும் வைத்திருந்தால் இந்த மோதல் என்றாவது வந்தே தீரும்.

ஊகம் சரிதானா என்று சோதிக்காமல் திருத்துவது எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரே கணினியில் இந்த இடைவெளி மிகக் குறுகியது, எளிதில் சிக்காது. லினக்ஸில், பிணையத்தில் செயற்கையாகத் தாமதம் சேர்க்கும் டிசி கட்டளையின் நெட்எம் வசதி இங்கே கைகொடுத்தது. லூப்பேக்கில் (கணினி தன்னோடே பேசும் இணைப்பு) 50 மில்லிநொடி தாமதத்தைச் சேர்த்ததும் ஃபின் வழியிலேயே அவ்வளவு நேரம் இருக்கும். 5 நொடியை ஒட்டி, இடைவெளியைச் சிறிது சிறிதாக மாற்றி போஸ்ட் அனுப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். 502 வரிசையாகக் கொட்டியது. சோதனை முடிந்ததும் அந்தத் தாமதத்தை நீக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் அடுத்து எதைத் தொட்டாலும் மெதுவாக இருப்பதாகத் தோன்றும்.

போஸ்ட்டையும் திரும்ப அனுப்பச் சொல்லி என்ஜின்எக்ஸில் ஒரு வரி போட்டாலே புகார் நின்றுவிடும். குழுவில் அதற்கு ஆதரவும் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த மோதலில் கோரிக்கை செயலியை எட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் செயலி பாதி வேலையில் விழுந்தாலும் என்ஜின்எக்ஸுக்கு அதே மாதிரிதான் தெரியும். அப்போது திரும்ப அனுப்பினால் வேலை இரண்டு முறை நடக்கும். எனவே நோடின் கீப்அலைவ் டைம்அவுட்டை 65 நொடியாக்கினேன். பழைய நோட் பதிப்புகள் சிலவற்றில் ஹெடர்ஸ் டைம்அவுட் (கோரிக்கையின் ஹெடர் வந்து சேரத் தரும் நேரம்) அதைவிடக் குறைவாக இருந்தாலும் இதே ரீசெட் வரும் என்பதால் அதை 66 ஆக்கினேன். மாற்றிய பிறகு அதே ஸ்கிரிப்டை, அதே தாமதத்தோடு ஓடவிட்டேன், ஒன்றுகூட விழவில்லை.

பிறகு மற்ற கண்ணிகளையும் பார்த்தேன். வெளியே இருக்கும் லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்புவது) 60 நொடி, அதற்குப் பின்னால் என்ஜின்எக்ஸின் முன்பக்கம் 75. எடுக்கிறவன் குறைவு, கொடுக்கிறவன் அதிகம், சரி. ஆனால் எங்கள் நோட் செயலியே இன்னொரு உள் சேவையைக் கூப்பிடுகிறது. நோட் 19இலிருந்து வெளிச்செல்லும் கோரிக்கைகளுக்கும் கீப்அலைவ் இயல்பாகவே இயங்குகிறது. அந்தப் பக்க லாகில் அவ்வப்போது தலைகாட்டும் 'இகான்ரீசெட்' (இணைப்பு முறிந்தது என்ற பிழை, ECONNRESET) பிழைகளும் இதே வகைதான் என்பது என் சந்தேகம். அந்த போர்ட்டிலும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டிருக்கிறேன்.