பின்கட்டு வரைக்கும் வைஃபை

மண்டபம் ஊருக்கு மேற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீடு முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய பழைய வீடு. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே எழுந்த அதன் சுவர்கள் ஒரு முழத்துக்குக் குறையாத தடிமன் கொண்டவை. சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருப்பது அவற்றின் புண்ணியம்தான். ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் அந்தச் சுவர்கள் வைஃபை அலையையும் விழுங்கிவிடுகின்றன. ஃபைபர் மோடம் முன்னறையில் இருக்கிறது. நடுக்கூடத்தைத் தாண்டினால் கைப்பேசியில் ஒரு கோடுதான் தெரியும். மாமா உட்கார்ந்து வலை பொத்துகிற பின்கட்டுக் கொட்டகையில் அதுவும் கிடையாது. வல்லம் (நாட்டுப் படகு) தள்ளுவதற்கு முன், இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் காற்று, அலை முன்னறிவிப்பைப் பார்க்க, விடியற்காலை மூன்று மணிக்கு அவர் இருட்டில் முன்னறைவரை நடந்து வர வேண்டியிருந்தது.

கூடுதலாக ஒரு ரூட்டர் வாங்கிப் பின்னறையில் வைத்துப் பார்த்தோம். கச்சான் என்ற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் உப்புக்காற்று பட்டு, ஈதர்நெட் துளையின் ஊசிகளில் பச்சை பூத்து, இரண்டாம் ஆண்டிலேயே அது நின்றுபோனது. இன்னொன்று வாங்குவதற்குப் பதிலாக, திரை உடைந்து பரணில் கிடந்த மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, அதையே வைஃபை பரப்பும் நிலையம் (ஆக்சஸ் பாயிண்ட்) ஆக்குவது என்று முடிவு செய்தேன். மேசைக் கணினியும் இந்த வேலையைச் செய்யும் என்றாலும், இரவு பகலாக ஓட வேண்டிய ஒன்றுக்கு மின்சாரம் குறைவாக எடுக்கும் மடிக்கணினியே ஏற்றது. மின்சாரம் போனால் சிறிது நேரம் தாக்குப்பிடிக்க அதனுள்ளேயே பேட்டரியும் இருக்கிறது. (மோடத்தையும் இன்வெர்ட்டரில் இணைத்திருந்தால்தான் அந்தப் பேட்டரியால் பயன் உண்டு.)

முதலில் பார்க்க வேண்டியது வைஃபை அட்டையை. எல்லா அட்டைகளும் அலைபரப்பும் நிலையமாக மாறுவதில்லை. ஐடபிள்யூ லிஸ்ட் (iw list) என்ற கட்டளையைக் கொடுத்தால் வரும் நீண்ட பட்டியலில், ஆதரிக்கப்படும் முறைகள் என்ற பகுதியில் ஏபி (AP) என்ற இரண்டெழுத்து இருக்க வேண்டும். என்னிடமிருந்த விரல்நுனி அளவு யுஎஸ்பி அட்டையில் அது இல்லை. ஏதெரோஸ் சிப் கொண்ட, ஆன்டெனா வைத்த இன்னொன்றில் இருந்தது. இதைப் பார்க்காமல் அமைப்புக் கோப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தால் ஒரு நாள் முழுவதும் வீணாகும்.

ரூட்டர் என்று கடையில் விற்கும் பெட்டிக்குள் உண்மையில் நான்கு தனித்தனி வேலைகள் நடக்கின்றன: அலையைப் பரப்பி, கடவுச்சொல்லைச் சரிபார்த்துக் கருவிகளைச் சேர்த்துக்கொள்வது, சேர்ந்த கருவிக்கு ஐபி முகவரி கொடுப்பது, தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தருவது, உள்ளிருந்து வரும் தரவுப் பொட்டலங்களை வெளியே அனுப்பி, பதிலை உரிய கருவியிடம் சேர்ப்பது. லினக்ஸில் முதல் வேலையை யோவ்னி மாலினென் எழுதிய ஹோஸ்ட்ஏபிடி (hostapd) என்ற நிரல் செய்கிறது. அடுத்த இரண்டையும் சைமன் கெல்லி எழுதிய டிஎன்எஸ்மாஸ்க் (dnsmasq) செய்கிறது. நான்காவதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே பார்த்துக்கொள்கிறது. ஒரு நாள் தேவைக்கு, லினக்ஸில் வலை இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் உள்ள ஹாட்ஸ்பாட் பொத்தானே போதும். விண்டோஸ் 10-இலும் மொபைல் ஹாட்ஸ்பாட் உண்டு, எட்டுக் கருவிகள்வரை சேர்க்கலாம். நிரந்தரமாக வைப்பதற்கு நான்கையும் தனித்தனியே அமைப்பதையே நான் விரும்புகிறேன், ஏனென்றால் எது கெட்டாலும் எங்கே கெட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

ஹோஸ்ட்ஏபிடி கோப்பில் நாட்டுக் குறியீடாக இந்தியாவையும், பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2-ஐயும், சேனலாக 6-ஐயும் கொடுத்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்க, ஒவ்வொன்றின் அலைபரப்பும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடிப்பதால், ஒன்றோடொன்று மோதாமலிருக்க வழக்கமாக எடுப்பவை 1, 6, 11. மோடம் 1-இல் இருந்ததால் நான் 6-ஐ எடுத்தேன். கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள்வரை இருக்கலாம். கைப்பேசி எண்ணை வைக்காமல், வீட்டார் நினைவில் நிற்கும் ஒரு நீண்ட சொற்றொடரை வைப்பது நல்லது. பின்னணிச் சேவையாக ஓட்டுவதற்கு முன், கட்டளைகளைத் தட்டும் முனையத்திலேயே ஹோஸ்ட்ஏபிடியை ஓட்டிப் பார்த்தேன். மாமாவின் கைப்பேசியில் கடவுச்சொல்லைத் தட்டியதும், முனையத்தில் ஏபி-எஸ்டிஏ-கனெக்டெட் என்ற வரியும், அதன் பின்னால் அந்தக் கைப்பேசியின் பன்னிரண்டு இலக்க வன்பொருள் முகவரியும் வந்து நின்றன.

ஆனால் கைப்பேசி, இணைந்தது, இணையம் இல்லை என்றது. 192.168.50.1 என்று நான் வைத்திருந்த மடிக்கணினியின் முகவரிக்குக் கைப்பேசியிலிருந்து பிங் என்ற சோதனைச் செய்தி போனது, வெளியே இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8-க்குப் போகவில்லை. ஆகவே முதல் இரண்டு வேலைகளில் குறையில்லை, நான்காவதில்தான் குறை என்று தெளிவானது. பொட்டலங்களை ஒரு பக்கத்திலிருந்து வாங்கி மறுபக்கம் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங் டெபியனில் இயல்பாக மூடப்பட்டிருக்கும், அதைத் திறந்தேன். அப்போதும் பதில் வரவில்லை. காரணம் எளியது: கைப்பேசியின் பொட்டலம் 192.168.50 என்று தொடங்கும் அனுப்புநர் முகவரியோடு மோடத்துக்குப் போகிறது. மோடத்துக்கு அப்படி ஒரு தெரு இருப்பதே தெரியாது, பதில் தபாலை எங்கே கொடுக்கும்? மடிக்கணினி தன் முகவரியை மேலே ஒட்டி அனுப்ப வேண்டும். அதற்குத்தான், கெர்னலுக்குப் பொட்டல விதிகளைச் சொல்லும் ஐபிடேபிள்ஸில் மாஸ்க்கரேடு என்ற ஒற்றை விதி. அதை எழுதிய கணத்தில் மாமாவின் கைப்பேசியில் விடாமல் வாட்ஸ்அப் மணி அடித்தது.

மறுநாள் காலையில் எல்லாம் நின்றிருந்தது. இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்தன. இரவில் மூடியைச் சாத்தியதும் மடிக்கணினி உறக்கத்துக்குப் போயிருந்தது. மூடியைப் பொருட்படுத்தாதே என்று, மூடி சாத்தினால் என்ன செய்வது என முடிவு செய்யும் லாகின்டி அமைப்பில் எழுத வேண்டியிருந்தது. எழுப்பியபோது, அதே வைஃபை அட்டையை நெட்வொர்க்மேனேஜர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருந்தது; அந்த அட்டையைத் தொடாதே என்று அதற்கும் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஃபார்வர்டிங்கையும் மாஸ்க்கரேடு விதியையும் நிலையாகச் சேமிக்காவிட்டால் அடுத்த மறுதொடக்கத்தில் அவையும் மறைந்துவிடும்.

மடிக்கணினியை நடுக்கூடத்து மாடத்தில் வைத்து, முன்னறை மோடத்திலிருந்து அதுவரை ஈதர்நெட் கம்பி இழுத்திருந்தேன். அது ஏன் என்று கேட்கலாம். மோடத்தின் வைஃபையையே வாங்கி மறுபடி பரப்பவும் முடியும். ஆனால் ஒரே அட்டை இரண்டு வேலையும் செய்தால் வேகம் பாதியாகும், வைஃபை வழியாக வருவதைப் பாலம்போல (பிரிட்ஜ்) இணைத்து ஒரே பிணையமாக்கவும் பெரும்பாலும் முடியாது. கம்பி இழுக்க முடிகிற வீட்டில் கம்பிதான் சிறந்தது.

அட்டையை வைத்த இடத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. நீல நிற யுஎஸ்பி 3 துளை தரும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலேயே விழுவதால், கறுப்புத் துளைக்கு மாற்றி, மூன்று மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் அட்டையைப் பின்கட்டுச் சன்னல் உட்புறம்வரை கொண்டுபோனேன். சுவரைத் தவிர்த்துச் சன்னல் வழியே போன அலை கொட்டகையில் மூன்று கோடுகளைத் தந்தது. "ஏன் மாப்பிள்ளை, சுவரை ஒடைக்காமலேயே வந்துருச்சே" என்றார் மாமா.

மாதம் ஒருமுறை நீட்டிப்புக் கம்பியின் முனைகளைக் கழற்றி, சுத்தமான துணியால் துடைத்து, பச்சை பூக்கிறதா என்று விளக்கில் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகுகிறேன். இந்த வாடைக்காற்றுக் காலத்தில் இதுவரை பூக்கவில்லை.