அம்மாவின் தட்டில் கால் பங்கு: சுங்கை பாக்காப்பில் பதினோரு மாதக் கோழி வளர்ப்பு

2025 ஜனவரியில் அம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அம்மாவுக்கு இனிப்புநீர் பதினான்கு வருடமாக இருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு (HbA1c) 9.2 என்று வந்தது. அங்கிருந்த தாதி ஒரு தட்டுப் படத்தைக் காட்டி, மலேசியச் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறையை விளக்கினார். கால் தட்டு சோறு. கால் தட்டு மீன், கோழி, முட்டை. மீதி அரைத் தட்டு காய்கறியும் பழமும். திரும்பி வரும்போது காரில் அம்மா சொன்னார்: "தம்பி, அந்தக் கால் தட்டும் அரைத் தட்டும் தோட்டத்துல இருந்தப்ப லயத்துக்குப் பின்னாடியே கெடைச்சுது. காசு குடுத்து வாங்குனது அரிசி, உப்பு, மண்ணெண்ணெய்தான்."

அம்மா பிறந்து வளர்ந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு பால்மர (ரப்பர்) தோட்டத்தில். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம், முருங்கை, பசலை, பத்துப் பதினைந்து கோழி. எங்களுக்கும் பினாங்கின் சுங்கை பாக்காப்பில் கம்பத்து (கிராமத்து) வீடு. பின்னால் சும்மா கிடந்த இடம் இருபதுக்கு முப்பது அடி. அன்று இரவே மனைவியிடம் பேசினேன். "குஞ்சு வாங்குறதுக்கு முன்னாடி கூடு கட்டுங்க" என்றாள். அதுதான் இந்தப் பதினோரு மாதத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல யோசனை.

கூடு

தைப்பூசத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் நான்கு சதுர அடி, வெளியே மேய எட்டிலிருந்து பத்து சதுர அடி என்பது பொதுக் கணக்கு. தரையை இரண்டரை அடி தூக்கிக் கட்டினேன். 2017 நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டு வாசற்படி வரை தண்ணீர் வந்தது மறக்கவில்லை. மேலே சிங்க் தகடு, அதன் மேல் வெயிலுக்குப் பழைய தென்னங்கீற்று. தகடு மட்டும் இருந்தால் மத்தியானம் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். உட்கார இரண்டங்குலக் கட்டை. தரையில் நாலங்குலத்துக்கு உமி. கெப்பாலா பத்தாஸ் பக்கம் நெல் வயல்கள் இருப்பதால் உமிக்குப் பஞ்சமில்லை. ஒரு மூட்டையை மோட்டாரிலேயே கட்டிக்கொண்டு வந்தேன்.

கம்பி வலையில்தான் தவறு செய்தேன். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோண வலையைப் போட்டேன். அதன் விலை பிறகு தெரிந்தது.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் இருப்பவர்கள் இதைப் படித்து உடனே ஆரம்பித்துவிட வேண்டாம். மாநகர் மன்றத்தில் முதலில் கேளுங்கள், பக்கத்து வீட்டையும் கேளுங்கள். எங்களுடையது கம்பம், மூன்று பக்கமும் மலாய்க்காரர்கள், அவர்கள் வீட்டிலும் கோழி உண்டு.

குஞ்சுகள்

தைப்பூசம் முடிந்த வாரம், பிறந்து ஒரே நாளான கம்பத்துக் கோழிக் குஞ்சுகள் பதினைந்து. அட்டைப்பெட்டியில் குண்டு பல்பு. முதல் வாரம் 32லிருந்து 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரவேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். முதல் நாள் இரவு மழை. விடியற்காலை பார்த்தால் எல்லாம் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. அடியில் இரண்டு நசுங்கிச் செத்திருந்தன. குஞ்சுகள் ஒட்டிக் கிடந்தால் குளிர். பல்பை விட்டு விலகி வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பெட்டி முழுக்கப் பரவித் தூங்கினால் சரியான அளவு. தெர்மாமீட்டரைவிட இதைப் பார்ப்பதே நம்பகமானது.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து. தமிழ்நாட்டில் இராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். வந்தால் கூடே காலியாகிவிடும், குணப்படுத்த மருந்து கிடையாது. ஒரு குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு. ஆனால் மருந்துக் குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் போடுகிற அளவில்தான் வருகிறது. கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) சொன்னேன். அவர் இன்னும் இரண்டு வீட்டுக்குச் சொன்னார். ஒரு சனிக்கிழமை காலை ஐஸ் போட்ட தெர்மோஸில் குப்பியை வைத்துக்கொண்டு நான்கு வீட்டுக் கோழிகளுக்கும் சொட்டு விட்டோம். நான்காம் வாரமும் அப்படியே செய்தோம். தனியாக வளர்ப்பவர்கள் இதை மட்டுமாவது சேர்ந்து செய்யுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் வந்தால் நம் கோழிக்கும் வரும்.

ஐந்தாம் வாரம் அடுத்தடுத்து மழை. சாரலில் உமி நனைந்ததை நான் இரண்டு நாள் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் எச்சத்தில் ரத்தம். ரத்தக்கழிச்சல். ஈரமான உமியில் பெருகும் நுண்ணுயிர் குடலை அரித்துவிடுகிறது. தீவனக் கடைக்காரர் அம்ப்ரோலியம் கொடுத்தார், ஐந்து நாள் தண்ணீரில் கலந்து வைத்தோம். மூன்று குஞ்சுகள் போய்விட்டன. அம்மா மஞ்சளும் பூண்டும் அரைத்துக் கொடுத்தார். அதையும் கொடுத்தேன், ஆனால் பிழைத்தவை மருந்தாலும் காய்ந்த உமியாலும் பிழைத்தன என்றே நினைக்கிறேன். அன்றிலிருந்து தினமும் உமியை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பார்க்கிறேன். உருண்டையாக நின்றால் ஈரம், உதிர்ந்தால் நல்லது.

தீனி

கடைத் தீவனத்தை நான் நிறுத்தவில்லை. குஞ்சுக்கு இருபது விழுக்காடு புரதம் வேண்டும், முட்டையிடும் கோழிக்குப் பதினாறாவது வேண்டும். வெறும் சோறும் தவிடும் போட்டால் கோழி உயிரோடு இருக்கும், முட்டை இருக்காது. ஆனால் அதோடு சேர்த்துக் கொடுப்பது முழுக்க வீட்டிலிருந்தே. முருங்கைக்கீரை, பப்பாளி இலை, கங்கோங் கீரை, தேங்காய்ப்பால் பிழிந்த பிறகு மிஞ்சும் பூ. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பதால், கிராங் சிப்பி உரிக்கிற சார் குவே தியாவ் கடையில் கேட்டுச் சிப்பி ஓடு வாங்கி வருகிறேன். கழுவி, வெயிலில் காயவைத்து, அடுப்பில் வறுத்து அம்மா உலக்கையால் இடிப்பார். தனிக் கிண்ணத்தில் வைத்தால் வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

நான் எதிர்பார்க்காத ஒன்று இந்தக் கீரையில்தான் நடந்தது. கோழிகளுக்காக இரண்டு பாத்தி கங்கோங்கும் ஒரு பாத்தி தண்டுக்கீரையும் போட்டோம். கோழி எரு மூன்று மாதம் மக்கிய பிறகு அந்தப் பாத்திக்கே போனது. பத்துக் கோழி தின்று தீராத அளவுக்குக் கீரை. மிச்சம் எங்கள் தட்டுக்கு வந்தது. அம்மாவின் அரைத் தட்டு அப்படித்தான் நிறைந்தது. காலையும் சாயங்காலமும் கீரை பறிக்கப் போகிறேன் என்று அம்மா நாற்பது நிமிடம் நடக்கிறார். நடைப்பயிற்சிக்குப் போங்கள் என்று நான் பல வருடம் கெஞ்சியிருக்கிறேன், ஒரு நாளும் போனதில்லை.

முதல் முட்டை, முதல் சேவல்

ஜூலை கடைசி, இருபத்து மூன்றாம் வாரம். கறுப்பி என்று மகன் பேர் வைத்த கோழி காலையிலிருந்து கொக்கரித்துக்கொண்டே இருந்தது. பெட்டியில் புறா முட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று. அம்மா அதை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மறுநாள் அவித்து நான்காக வெட்டி நான்கு பேருக்கும் கொடுத்தார்.

அது ஆடி மாதம். தோட்டத்து முனீஸ்வரனுக்குச் சேவல் அறுத்த நாட்களை அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். பிழைத்த பத்தில் நான்கு சேவல், ஒன்றையொன்று கொத்திக் கிழித்துக்கொண்டிருந்தன. ஒன்றை வைத்துக்கொண்டு மூன்றை அறுத்தோம். வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கி, மஞ்சள் பூசி, நெருப்பில் வாட்டி, எல்லாம் அம்மாதான். கம்பத்துச் சேவல் பிராய்லர் மாதிரி இருபது நிமிடத்தில் வேகாது. ஒன்றேகால் மணி நேரம் கொதித்தது. மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு ரசம். மகன் சாப்பிடவில்லை. நான் கட்டாயப்படுத்தவில்லை. தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவன் முடிவு.

உடம்புக்கு

உறவினர்கள் எல்லாரும் "ஊசிக் கோழியை விட்டுட்டீங்க, நல்லது" என்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. பண்ணைக் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுவதில்லை. இனத்தேர்வும் தீவனமும்தான் அதை முப்பத்தைந்து, நாற்பது நாளில் இரண்டு கிலோவாக வளர்க்கின்றன. கவலைப்பட வேண்டியது நோய்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்துகளைப் பற்றி. கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை மலேசியா 2019 தொடக்கத்தில் தடை செய்தது. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது. என் கூட்டில் எந்த மருந்து, எந்தத் தேதியில் போனது என்று ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். எனக்கு அந்த நோட்டு பெரிய நிம்மதி.

மஞ்சள் கரு ஆரஞ்சாக இருந்தால் சத்து அதிகம் என்பார்கள். நிறம் கீரையிலிருந்தும் சோளத்திலிருந்தும் வருகிறது; தீவனத்தில் நிறமி கலந்தாலும் அதே நிறம் வரும். ஆனால் பச்சை மேயும் கோழியின் முட்டையில் ஒமேகா 3 கொழுப்பும் வைட்டமின் ஈயும் கூடுகின்றன என்பது சரி. ஒரு முட்டையில் ஏறக்குறைய ஆறு கிராம் புரதம். அம்மாவுக்கு மருத்துவர் நாளுக்கு ஒன்று போதும் என்றார். கோப்பிக் கடை அரைவேக்காட்டு முட்டை அம்மாவுக்கு உயிர். வயதானவர், இனிப்புநீர்க்காரர், கோழி எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கக்கூடும். அதனால் முழுக்க வெந்தால்தான் தட்டில் வைப்பேன். கூட்டிலிருந்து வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் யாரும் அடுப்படிக்குள் வரக்கூடாது.

நவம்பரில் அம்மாவின் சர்க்கரைக் கணக்கு 7.6. மாத்திரை அதே மாத்திரைதான், அளவும் மாறவில்லை. சாயங்காலக் கறிபாப்பும் சீனி போட்ட தேத்தண்ணியும் நின்றுபோயின. அந்த நேரத்தில் அம்மா கூட்டுப் பக்கம் இருக்கிறார்.

மலைப்பாம்பு

தீபாவளி முடிந்து நான்காம் நாள் இரவு, இரண்டு மணி. ஒரே ஒரு கூவல், அப்புறம் அமைதி. டார்ச் அடித்துப் பார்த்தால் கறுப்பியைச் சுற்றிக்கொண்டு ஒன்பது அடி மலைப்பாம்பு. மலிவு வலையைத் தள்ளிப் பிளந்து நுழைந்திருக்கிறது. பொது தற்காப்புப் படையைக் கூப்பிட்டோம். அரை மணி நேரத்தில் வந்து பிடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்கள். மகன் விடியும் வரை தூங்கவில்லை. அந்த வாரமே அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த இரும்பு வலை வாங்கி, மண்ணுக்குள் ஒரு அடி புதைத்துச் சுற்றிலும் அடித்தேன். பியாவாக் (உடும்பு) வந்து முட்டை திருடுவதும் அதோடு நின்றது. முதலிலேயே இதைப் போட்டிருந்தால் கறுப்பி இருந்திருக்கும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

கணக்கு

நவம்பரில் பழுப்பு நிற முட்டைக்கோழி மூன்று வாங்கி, மூன்று வாரம் தனியாக வைத்துப் பிறகு சேர்த்தேன். இப்போது எட்டுக் கோழி, ஒரு சேவல். நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தீவனம். 108 வெள்ளி (ரிங்கிட்) மூட்டை ஐம்பது நாள் வருகிறது. நாளுக்கு நான்கு முட்டை என்று போட்டால் ஐம்பது நாளில் இருநூறு. ஒன்று 54 சென், கூட்டுச் செலவு சேர்க்காமல். மிச்சம் பிடிக்கலாம் என்று வருபவர்களுக்கு இது சரிப்படாது. ஆனால் 2022 கடைசியில் கடைகளில் முட்டைத் தட்டு காலியாகி, நாமக்கல்லிலிருந்து கப்பலில் வந்ததே, அந்த நாட்களில் மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறேன். 2025 ஆகஸ்ட் 1 முதல் முட்டைக்கு அரசாங்க உதவித்தொகையும் விலைக் கட்டுப்பாடும் இல்லை. அந்தக் கவலை எங்கள் வீட்டில் இப்போது இல்லை.

இப்போது

செவலை என்ற கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது முட்டை வைத்தோம். ஏழாம் நாள் இரவு கைப்பேசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஏழில் ரத்த நரம்பு சிலந்தி வலை மாதிரி தெரிந்தது, இரண்டு வெறும் முட்டை, எடுத்துவிட்டோம். இன்று பதினெட்டாம் நாள். இருபத்தோராம் நாள் பொரிக்கவேண்டும். இனி யாரும் தொடவேண்டாம், கிட்டே போகவும் வேண்டாம் என்று அம்மா உத்தரவு. அட்டைப்பெட்டியும் பல்பும் இந்தத் தடவை தேவைப்படாது. தண்ணீர்க் கிண்ணத்தில் குஞ்சு விழுந்து மூழ்காமலிருக்க அம்மா கூழாங்கல் பொறுக்கிக் கழுவிக் காயவைத்திருக்கிறார். மகன் நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறான்.