லீவரோடு சேர்ந்து நகர்ந்த ஸ்லாட்: இரண்டு கவர்களை வீணாக்கிய அனுபவம்

பவுடர் கோட்டிங் முடிந்து வந்த இரண்டு ஷீட் மெட்டல் கவர்களைப் போன மாதம் பழைய இரும்போடு போட வேண்டியதாயிற்று. இரண்டிலும் வெட்டியிருந்த வளைவு ஸ்லாட்டின் (நீள்துளையின்) அகலம், ஆரம், கோணம் எல்லாமே சரியாக இருந்தன. ஆனால் ஸ்லாட் முழுவதும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 25 பாகை சுழன்று நின்றது. சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில், அசெம்பிளிக்குள் (பல பாகங்களைச் சேர்த்த கோப்புக்குள்) இருந்தபடியே ஒரு பார்ட்டைத் திருத்துகிறவர்கள் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அமைப்பு எளியது. கவருக்குப் பின்னால் ஒரு லீவர் 0 முதல் 60 பாகை வரை ஆடும். அது சுழலும் பிவட் புள்ளியிலிருந்து 180 மி.மீ. தொலைவில் லீவரில் பொருத்திய 12 மி.மீ. தண்டு, கவர் வழியாக வெளியே நீண்டு கைப்பிடியைத் தாங்கும். இரு பக்கமும் 3 மி.மீ. இடைவெளி விட்டால் ஸ்லாட்டின் அகலம் 18 மி.மீ. லீவரை ஆரம்ப நிலையில் வைத்து, தண்டின் வட்ட விளிம்பையே ஸ்லாட்டின் தொடக்க முனைக்கு ரெஃபரன்ஸாக எடுத்து, அங்கிருந்து 60 பாகை தள்ளி மறுமுனையை வரைந்தேன். தண்டின் விட்டம் மாறினால் ஸ்லாட்டும் தானாக மாறும் என்பதில் எனக்கு அப்போது மிகுந்த நிறைவு.

மறுநாள் இயக்கத்தை மேலாளருக்குக் காட்டுவதற்காக லீவரை இழுத்து, பாதி வழியில் விட்டு, ரீபில்டு செய்து (மாடலை மறுபடி கணக்கிட வைத்து) சேமித்தேன். தவறு அங்கேதான் நடந்தது. தண்டு எங்கே நிற்கிறதோ அங்கே ஸ்லாட் தொடங்க வேண்டும் என்று சொல்லியிருந்தவன் நான். மென்பொருள் சொன்னபடி செய்தது. 180 மி.மீ. ஆரத்தில் 25 பாகை என்பது 78 மி.மீ.க்கும் அதிகமான விலகல், ஆனாலும் திரையில் தண்டு ஸ்லாட்டின் முனையில் கச்சிதமாகப் பொருந்தியிருந்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை. டிராயிங்கைச் சரிபார்த்தவரையும் குறை சொல்ல முடியாது: ஆரம் 180, அகலம் 18, கோணம் 60 என்று போட்டிருந்த மூன்று அளவுகளும் சரி. கவரின் நிலையான விளிம்பிலிருந்து ஸ்லாட் எந்தக் கோணத்தில் தொடங்குகிறது என்ற நான்காவது அளவை நான் போடவே இல்லை. அந்த ஓர் அளவு இருந்திருந்தால் தாளிலேயே பிடிபட்டிருக்கும். லேசர் வெட்டு, வளைப்பு, பூச்சு எல்லாம் தடையின்றி முடிந்தன.

லீவர் முழுதாகத் திரும்பி வரவில்லை என்று ஃபிட்டர் அண்ணன் அழைத்தபோதுதான் தெரிந்தது. அவர் எதுவும் பேசாமல் கவரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனது இன்னும் உறுத்துகிறது.

திருத்துவதற்கு மூன்று நாள் அலைந்தேன். முதலில் கவர் மற்ற பார்ட்டுகளிலிருந்து எடுக்கும் வெளி ரெஃபரன்ஸ்களைப் பூட்டினேன். ஃபீச்சர் மரத்தில் அம்புக்குறியோடு நட்சத்திரக்குறி வந்தது, ஸ்லாட்டும் அசையாமல் நின்றது. ஆனால் சோதனைக்காகத் தண்டை 16 மி.மீ. ஆக்கியபோதும் அது அசையவில்லை. எதற்காக இணைத்தோமோ அந்தப் பயனே போய்விட்டது. அடுத்து, பூட்டை எடுத்துவிட்டு, தண்டு எல்லை தாண்டாதபடி அதை ஸ்லாட்டின் முனையோடு மேட் செய்தேன் (பொருத்தி இணைத்தேன்). இது முந்தையதைவிட மோசம். ஸ்லாட்டுக்குத் தண்டு ஆதாரம், தண்டுக்கு ஸ்லாட் ஆதாரம் என்று வட்டமாகிவிட, எத்தனை முறை ரீபில்டு செய்தாலும் ரீபில்டு தேவை என்று காட்டும் போக்குவரத்து விளக்குச் சின்னம் மறையவே இல்லை. அசெம்பிளி மட்டத்திலேயே வெட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்ன யோசனையையும் முயன்றேன். பார்ட்டுக்கும் கொண்டுசெல்லும் தேர்வை இயக்காததால், தனியாகத் திறந்த கவரில் ஸ்லாட்டே இல்லை. நல்லவேளையாக, லேசர் வெட்டுக்கான டிஎக்ஸ்எஃப் கோப்பை அனுப்பும் முன் அதைப் பார்த்துவிட்டேன்.

கடைசியில் வேலை செய்தது லேஅவுட் பார்ட். திண்மம் ஏதும் இல்லாமல் ஒரே ஒரு ஸ்கெட்ச்: பிவட் புள்ளி, 180 ஆர வில், 0 மற்றும் 60 பாகையில் இரண்டு கோடுகள், தண்டின் வட்டம். அதை அசெம்பிளியின் ஆதிப்புள்ளியில் நிலையாகப் பொருத்தி, லீவரின் நீளம், தண்டின் விட்டம், கவரின் ஸ்லாட் ஆகிய மூன்றையும் அதிலிருந்தே எடுத்தேன். லீவரின் எல்லைக்கான கோண மேட்டும் அந்தக் கோடுகளோடுதான். இதில் ஒரே எச்சரிக்கை: லேஅவுட்டை நகரும் எதனோடும் மேட் செய்துவிடாதீர்கள், செய்தால் பழைய கதை திரும்பும். உரசலைச் சோதிக்கும்போதும் கவனம் வேண்டும். குறுக்கீடு கண்டறியும் கருவி அந்த நேரத்து நிலையை மட்டுமே பார்க்கும் என்பதால், மோதல் கண்டறிதலை இயக்கி, லீவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தே பார்க்க வேண்டும்.

புதிய கவர்களை வெட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளர் லீவரை 195 மி.மீ. ஆக்கச் சொன்னார். லேஅவுட்டில் ஓர் எண்ணை மாற்றினேன். ஸ்லாட்டின் மையக்கோட்டு நீளம் 188.5 மி.மீ.லிருந்து 204.2 ஆனது. லீவரை நடுவில் நிறுத்தி மூன்று முறை ரீபில்டு செய்தேன், ஸ்லாட் இருந்த இடத்திலேயே இருந்தது. கவர் பொருத்திய அன்று ஃபிட்டர் அண்ணன் லீவரை இரு எல்லைகளுக்கும் கொண்டுபோய், முனையில் 3 மி.மீ. டிரில் பிட்டின் அடிப்பகுதியை நுழைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் நுழைந்தது.