ஐந்தில் ஒரு பங்கு

2022 மார்ச் இறுதியில் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 அறிவிக்கையை வெளியிட்டபோது, அத்தேர்வுக்குப் பயிற்சி தரும் செயலி ஒன்றை நடத்திவந்த சென்னை நிறுவனத்தில் நான் வடிவமைப்பாளராக இருந்தேன். 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்த தேர்வு அது. எங்கள் செயலியைப் பயன்படுத்தியவர்களில் பலர், பயிற்சி மையத்துக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பேருந்து மாற வேண்டிய ஊர்களில் இருந்துகொண்டு, சமச்சீர்ப் பாடநூல்களையும் வீட்டுக்கு ஒன்றாக இருந்த கைப்பேசியையும் நம்பிப் படித்தவர்கள். அவர்களைச் சேர்ந்து படிக்க வைக்க வேண்டும் என்பதுதான் நிர்வாகம் எங்களிடம் ஒப்படைத்த வேலை.

மாவட்ட மைய நூலகங்களின் வாசலில் நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் வினாக் கேட்க மற்றவர்கள் விடை சொல்லும் காட்சியை எல்லோரும் பார்த்திருப்போம். அதையே திரைக்குள் கொண்டுவந்துவிடலாம் என்று நினைத்து, முதல் முயற்சியில் முந்நூறு பேர் வரை சேரக்கூடிய உரையாடல் அறைகளையும், கேமராவை இயக்கிவிட்டுச் சேர்ந்து படிக்கும் ஒரு காணொலி அறையையும் வைத்தோம். காணொலி அறை எப்போதும் காலியாகவே கிடந்தது. ஒரே அறையில் குடும்பமே புழங்கும் வீட்டில் இரவு பத்து மணிக்கு யார் கேமராவை இயக்குவார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உரையாடல் அறைகளோ காலை வணக்கப் படங்களால் நிறைந்தன. இதைவிடப் பெரிய பிழை என்னுடையது. பெயர் பதியாதவர்களுக்கு அவர்களுடைய கைப்பேசி எண்ணே பெயராகத் தெரியும்படி விட்டிருந்தேன். சில பெண்களுக்கு வேண்டாத அழைப்புகள் வந்தன. அவர்கள் அறையை விட்டு மட்டுமல்ல, செயலியை விட்டே போனார்கள். இரண்டு நாளில் அதைச் சரிசெய்தோம் என்றாலும் போனவர்கள் திரும்பி வரவில்லை.

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியமாக, பயனர்களை நேரில் போய்ப் பார்த்தோம். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், தம்பியின் கைப்பேசியில் இரவு மட்டும் படிக்கும் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலையும் காலமும் பற்றிய கணக்கு ஒன்றில் அவர் தடுமாறினார். உரையாடல் அறையைத் திறந்து, தமிழைச் சரளமாகத் தட்டச்சு செய்ய முடியாமல் ஆங்கில எழுத்துகளில் தம் ஐயத்தை எழுதினார், படித்துப் பார்த்தார், அழித்தார். மறுபடி எழுதி, மறுபடியும் அழித்தார். மூன்றாம் முறை கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். "எல்லாருக்கும் தெரிஞ்ச கேள்வியா இருந்துட்டா, மேடம்? முந்நூறு பேரு பார்ப்பாங்க" என்றார். அனுப்பப்பட்ட செய்திகளை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த எங்கள் புள்ளிவிவரங்களில், அழிக்கப்பட்ட அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

கூச்சத்துக்கு நாங்களே உரம் போட்டிருந்தோம் என்பது ஊர் திரும்பும் வழியில்தான் உறைத்தது. செயலியைத் திறந்ததும் முதலில் தெரிவது தரவரிசைப் பட்டியல். நாற்பதாம் இடத்தில் இருப்பவர் நாற்பத்தொன்றாம் இடத்தில் இருப்பவருக்கு ஏன் கணக்குச் சொல்லித்தர வேண்டும்? ஒரு திரையில் போட்டியை மூட்டிவிட்டு, அடுத்த திரையில் உதவிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாற்று வழியை எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். 1971-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், இனப் பிரிவினை நீக்கப்பட்டு முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்த குழந்தைகளுக்கிடையே பகைமை மூண்டபோது, பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுத்து, மற்றவர் சொல்வதைக் கேட்டால்தான் முழுப் பாடமும் கிடைக்கும் என்ற நிலையை அவர் குழுவினர் உண்டாக்கினார்கள். அங்கே தணிய வேண்டியிருந்தது பகை, எங்களுக்குக் கூச்சம். ஆனாலும் முறை பொருந்தும் என்று பட்டது. ஐந்து பேர் கொண்ட குழுக்களை அமைத்தோம். அரசியலமைப்புப் பாடம் என்றால் முகவுரை ஒருவருக்கு, அடிப்படை உரிமைகள் ஒருவருக்கு, அரசு நெறிமுறைக் கோட்பாடுகள், அடிப்படைக் கடமைகள், திருத்தச் சட்டங்கள் என்று மற்ற மூவருக்கு. ஒவ்வொருவரும் தம் பங்கைப் படித்து மூன்று வினாக்களையும் ஒரு குரல்பதிவையும் இட வேண்டும்; ஐந்தும் வந்து சேர்ந்த பிறகே மாதிரித் தேர்வு திறக்கும். தட்டச்சு செய்யத் தடுமாறியவர்களுக்காகச் சேர்த்த குரல்பதிவே இத்தனை தூரம் பயன்படும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஒருவர் தாமதித்தால் நால்வரும் காத்திருக்க நேரும் என்பது முதல் வாரத்திலேயே சிக்கலானது. "இன்னாருடைய பங்கு பாக்கி" என்று சிவப்பில் காட்டலாம் என்றார் ஒருவர். அது கடன்காரரின் பெயரைத் தெருவில் கூவுவது போல இருக்கும் என்று மறுத்தேன். இரண்டு நாளில் வராத பங்கு, யார் பெயரும் தெரியாமல், விரும்பும் இன்னொருவருக்குப் போகும்படி மாற்றினோம். அறுவடைக்குப் போனவர், காய்ச்சலில் கிடந்தவர், கைப்பேசி கிடைக்காதவர் எல்லோரும் குற்றவுணர்வு இல்லாமல் அடுத்த பாடத்தில் திரும்ப வந்து சேர இது வழிவிட்டது.

விழுப்புரத்துப் பெண்ணைத் தடுமாறவைத்த அதே வகைக் கணக்கை வேறொரு குழுவில் ஒரு பெண் விளக்கியதை, அனுமதி பெற்று அலுவலகத்தில் எல்லோரும் கேட்டோம். 12 பேர் 20 நாளில் முடிக்கும் வேலையை 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்பது வினா. "நடவுன்னு வெச்சுக்கங்க. 12 பேருக்கு 20 நாள் கூலின்னா மொத்தம் 240 கூலி. வேலை அதேதான், கூலியும் அதே 240தான். 15 பேரு வந்தா 15-ஆல வகுங்க, 16 நாள்." ஆள்-நாள் என்ற கருத்தை விளக்க நாங்கள் செலவழித்து எடுத்த அசைபடத்தில் இந்தத் தெளிவு இல்லை. பதிவின் முடிவில், பின்னாலிருந்து ஒரு மூதாட்டியின் குரல், "மழை வந்தா?" என்று கேட்பதும், அந்தப் பெண் சிரிப்பதும் பதிவாகியிருந்தது. வெட்டவேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

செயலியிலிருந்து தரவரிசைப் பட்டியலை நீக்கியதற்கு விற்பனைப் பிரிவினர் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதல் மாதம் செயலியைத் தினமும் திறப்பவர்களின் எண்ணிக்கை உண்மையாகவே இறங்கியது. தம் இடத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுவதற்காகவே திறந்தவர்கள் போய்விட்டார்கள். கடைசியில், விரும்புபவர் மட்டும் தேடிப் போய்ப் பார்க்கும்படி பட்டியலை உள்ளே ஒரு மூலைக்குத் தள்ளி உடன்பாட்டுக்கு வந்தோம். எனக்கு அதில் இன்றும் முழுத் திருப்தி இல்லை.

ஜூலை 24 அன்று தேர்வு முடிந்ததும் குழுக்கள் தாமாகவே மூடிக்கொள்ளும்படி அமைத்திருந்தோம்; வேலை முடிந்த பிறகு சேர்ந்திருக்க என்ன இருக்கிறது என்பது எங்கள் கணக்கு. தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு குழுவிலிருந்து குரல்பதிவு ஒன்று வந்தது: உத்தேச விடைக்குறிப்பு வந்ததும் ஐந்து பேரும் சேர்ந்து விடைகளைச் சரிபார்க்க வேண்டும், அதற்குள் மூடிவிடாதீர்கள், ஐயா. அன்று மாலையே மூடும் தேதியை எடுத்துவிட்டோம். நான் அந்த நிறுவனத்தை விட்டு விலகிய நாள்வரை புதிய தேதி எதையும் யாரும் வைக்கவில்லை.