ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு போட்டி

ரப்பரை முறுக்கி அறைக்குள்ளேயே பறக்க விடும் குட்டி விமானங்களின் போட்டிக்காகப் போன ஞாயிறு சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம், மொத்தம் ஏழு பேர். முதல் வேலையே எல்லா ஃபேனையும் நிறுத்தி ஜன்னல்களைச் சாத்துவதுதான். வேலூர் மே மாதத்தில்! ஆனால் லேசாகக் காற்று அசைந்தாலும் விமானம் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். உலகப் போட்டிக்கான எஃப்1டி வகை, ரப்பர் இல்லாமல் 1.4 கிராம் இருந்தால் போதும், ரப்பர் 0.4 கிராமைத் தாண்டக் கூடாது. ருமேனியாவின் ஸ்லேனிக் உப்புச் சுரங்கத்துக்குள்ளேகூட அதைப் பறக்க விட்டிருக்கிறார்கள்.

என்னுடையது பால்சா என்ற லேசான மரத்தில் செய்தது, 3 கிராம். எனக்குப் பிடித்த கட்டம் முறுக்குவதுதான். ரப்பரில் சிலிக்கோன் எண்ணெய் தடவி, நாலைந்து மடங்கு இழுத்துப் பிடித்து, முறுக்க முறுக்க மெல்ல முன்னே நடக்க வேண்டும். முடிச்சின் மேல் முடிச்சு வரிசையாக விழும். விரலிலேயே இறுக்கம் தெரியும். முதல் முறை முறுக்கு அதிகம், நேரே மேலேறிச் சரவிளக்கில் சிக்கியது. ஒட்டடைக் கம்பால் மீட்டோம்.

அப்புறம் ஐம்பது சுற்று குறைத்துப் பறக்க விட்டேன். வாட்ச்மேன் தாத்தா மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இன்னும் இறங்கலையே!" என்றார். 3 நிமிடம் 48 விநாடி.