ஒட்டகம் ஏற்றிய பாய்மரக் கப்பல்

சரக்குக் கப்பல் வேலையில் பாதி சாமர்த்தியத்தைத் துறைமுகத்திலேயே, சாமான் அடுக்கும்போதே காட்டிவிட வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் ‘சப்ளை’ இதற்கு நல்ல உதாரணம். 547 டன், 141 அடி நீளம், நாலே பீரங்கி, இயந்திரம் கிடையாது. 1846 டிசம்பரில் பாஸ்டனில் விலைக்கு வாங்கி மெக்சிகோ போருக்குச் சாமான் சுமக்க விட்டார்கள். அடுத்த ஆண்டே சாக்கடலை ஆராயப் போன கடற்படை அதிகாரி லிஞ்சின் குழுவும் இரண்டு உலோகப் படகுகளும் இதில்தான் போயின. கரையேறிய பிறகு அந்தப் படகுகளை இழுத்தவை ஒட்டகங்கள்.

1855இல் ஒட்டகமே சரக்கானது. டெக்சாஸ் பாலைவனத்தில் ராணுவச் சாமான் சுமக்க ஒட்டகம் வாங்கிவர அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 30,000 டாலர் ஒதுக்கியது. கப்பல் பொறுப்பு கடற்படை அதிகாரி டேவிட் போர்ட்டரிடம். அவர் 60 அடி நீளத்துக்குத் தனிக் கொட்டிலே கட்டிவிட்டார். அதன் உயரம் ஏழரை அடி. அதுவும் ஒரு கலப்பின ஆண் ஒட்டகத்துக்குப் போதவில்லை. திமில் இடிக்காமல் இருக்க மேல்தளப் பலகையை வெட்ட வேண்டியதாயிற்று.

பெரிய மிருகத்தை ஏற்றினால் பயம் எடையில் இல்லை, அசைவில். தண்ணீர்ப் பீப்பாயை ஆப்பு வைத்து நிறுத்தலாம். நின்றுகொண்டிருக்கும் ஒட்டகமோ கப்பல் சாயும்போது தானும் அதே பக்கம் சரியும். விழுந்தால் கால் முறியும், பிறகு பிழைக்காது. அதனால் கடல் கொந்தளித்தால் மண்டியிடவைத்து, வாரால் தளத்தோடு கட்டி, வைக்கோல் அடைத்த சாக்குகளை அண்டக்கொடுத்தார்கள். புயல் நீடித்தால் நாள்கணக்கில் அப்படியே. இன்னொரு தலைவலி காற்று. அலை உள்ளே வராமல் திறப்புகளை மூடினால் கொட்டில் புழுங்கும்; ஈரமும் சாணமும் சேர்ந்தால் தோல் நோய் பிடிக்கும். தினமும் கழுவுவதும் உடம்பு தேய்த்துவிடுவதும் அதற்காகத்தான்.

1856 பிப்ரவரியில் ஸ்மிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) 33 ஒட்டகங்களை ஏற்றினார்கள். வழியில் பிறந்த குட்டிகளில் சில இறந்தும், கரையில் இறங்கியவை 34. கடைசிக் கட்டம்தான் இழுத்தடித்தது. டெக்சாஸ் கரையில் ஆழம் போதாது; சிறிய நீராவிக் கப்பலுக்கு மாற்றியாக வேண்டும். அலையில் இரண்டு கப்பலும் ஒன்றோடொன்று மோதும்போது எப்படி மாற்றுவது? மிசிசிப்பி முகத்துவாரம் வரை போய் அமைதியான நீரில் மாற்றி, மே 14 அன்று டெக்சாஸின் இண்டியனோலா துறைமுகத்தில் இறக்கினார்கள். ஒரு நாளை மிச்சம்பிடிக்க நினைத்திருந்தால் மூன்று மாத உழைப்பு கடலில் போயிருக்கும்.

மறுபடியும் போய் 41 கொண்டுவந்தது. உள்நாட்டுப் போரில் ஆயுதம் கடத்திய கப்பலொன்றைப் பிடித்ததும் உண்டு. அந்தக் கடத்தல் கப்பல் ‘சப்ளை’ போகிற வழியில் அகப்பட்டது. 1878 பாரிஸ் கண்காட்சிக்குப் பொருள் ஏற்றிப் போனதும் ‘சப்ளை’தான். 1884இல் விற்றுவிட்டார்கள்.